கீழ்க் கேட்டுப் பூட்டு

மே 21, ஞாயிறு

ஜனவரியில மில்லுல எல்லாருக்கும் குடுத்த டைரி இது. இத்தனை நாளா பெட்டிக்கு அடியில கிடந்துச்சு. இன்னைக்குத்தான் எடுத்தேன். அட்டையில மில்லு பேரு இருக்கு. அது மேல காகிதம் ஒட்டிட்டேன்.

என் பேரு முத்துப்பேச்சி. வயசு இருபது. ஊரு கமுதிப் பக்கம். நூல் மில்லுல, ஓடுற மிஷின்ல இழை அறுந்தா பிடிச்சு ஒட்டுற வேலை. இந்த மாசமும் எனக்கு நைட் ஷிப்டுதான். காலையில ஏழரைக்கு ஹாஸ்டலுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டுட்டு மாடியில படுப்போம். முப்பத்தாறு பேரு. நாங்க படுத்ததும் வார்டனம்மா மாடிப்படிக்குக் கீழ இருக்கிற இரும்புக் கேட்டை இழுத்துப் பூட்டிடுவாங்க. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்காம்.

எங்ககிட்ட ஒரு கள்ளச் சாவி இருந்துச்சு. எப்பவோ வேலை பார்த்துட்டுப் போன ஒரு அக்கா விட்டுட்டுப் போனது. மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி செங்கல் இடுக்குல வச்சிருந்தோம். நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும். அதை வச்சு யாரும் ஓடிப் போகல. கேட்டுக் கம்பிக்கு நடுவுல கையை விட்டா பூட்டு எட்டும், ஒரு அவசரம்னா திறந்துக்கலாம்னு ஒரு தைரியம், அவ்வளவுதான். வியாழக்கிழமை வார்டனம்மா நேரா வந்து அந்தச் செங்கல்லை நகத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. யாரோ சொல்லியிருக்காங்க.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வியாழக்கிழமையே போன்ல பேசிட்டேன்.

மே 24

பருப்புல கல்லு. எங்க ஷிப்டு கோகிலவாணி அக்காவுக்கு அதைக் கடிச்சுப் பல்லு ஆடுது. சாவியைக் காட்டிக் குடுத்தது யாருன்னு இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. நான் தலைவலின்னு போர்த்திப் படுத்துட்டேன்.

ஜூன் 3, சனி

காலையில பத்து மணி இருக்கும். பக்கத்துப் பாயில படுத்திருந்த பிலோமினா என் காலைப் பிடிச்சு இழுத்தா. எழுந்து பார்த்தா உக்காந்துக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுறா. நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி சத்தம்.

பிலோமினாவுக்குப் பதினெட்டு வயசு. வேம்பார் கடற்கரை ஊரு. சின்ன வயசுல இளைப்பு இருந்துச்சாம், அப்புறம் நின்னு போச்சாம். இங்க வந்து எட்டு மாசப் பஞ்சுத் தூசியில திரும்ப வந்துருச்சு. வாயில வச்சு இழுக்குற பம்ப் ஒண்ணு வச்சிருக்கா. இன்னைக்கு அதை அமுக்கினா வெறும் காத்துதான் வந்துச்சு.

கீழ ஓடினோம். கேட்டு பூட்டியிருக்கு. வார்டனம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க, சாவி அவங்க இடுப்புல. கேட்டைப் பிடிச்சு உலுக்கினோம், கத்தினோம். பக்கத்துலயே ஈரக்காத்து அடிக்கிற பெரிய ஃபேன் ஓடுது, அந்தச் சத்தத்துல வாசல் வாட்ச்மேனுக்கு எங்க கேட்கும்? அவங்க வர முக்கால் மணி நேரம் ஆச்சு. வந்து ஆபீஸ்ல இருந்து வேற பம்ப் எடுத்துக் குடுத்தாங்க. பிலோமினா உதடு நீலமா இருந்து மெதுவா பழைய நிறத்துக்கு வந்துச்சு.

"ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா? கேட்டை இப்படி உலுக்கினா கீல் என்னத்துக்கு ஆகும்?"ன்னாங்க வார்டனம்மா.

அவங்க போனதும் கோகிலவாணி அக்கா சொன்னாங்க: "அந்தச் சாவி இருந்திருந்தா ரெண்டு நிமிஷம்."

எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. நான் வெந்நீர் எடுத்துட்டு வர்றேன்னு எழுந்து போயிட்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் போனைக் கையில குடுப்பாங்க. நான் வீட்டுக்குப் பேசி முடிச்சுட்டு வந்தா, கோகிலவாணி அக்கா போன்ல எதையோ குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்காங்க. அக்காவுக்கு இருபத்தி நாலு வயசு, தேனிப் பக்கம். எதையும் கழட்டிப் பார்க்காம விட மாட்டாங்க. அயர்ன் பாக்ஸ், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் அவங்கதான் சரி பண்ணுவாங்க.

போன்ல ஒரு வெள்ளைக்காரன் மேசையில பத்து இருபது பூட்டைப் பரப்பி வச்சுக்கிட்டு, ரெண்டு கம்பியை உள்ள விட்டு ஒவ்வொண்ணாத் திறக்குறான். சாவி கிடையாது. பூட்டும் உடையல. அவங்க நாட்டுல இது ஒரு பொழுதுபோக்காம். சங்கம் இருக்காம், போட்டி வைப்பாங்களாம், கம்பியெல்லாம் வீட்டுலயே செஞ்சுக்குவாங்களாம்.

"வேலை வெட்டி இல்லாத பய"ன்னா பிலோமினா.

அக்கா அதையே மூணு தடவை பார்த்தாங்க. போனைத் திருப்பிக் குடுக்கப் போறப்ப மெதுவா சொன்னாங்க: "நம்மளும் பொழுதுபோக்கா வச்சுக்குவோமா?"

பிலோமினா சிரிச்சா. "வச்சுக்குவோம்க்கா. மாவட்ட அளவுல கப்பு அடிப்போம்."

வேற யாரும் எதுக்குன்னு கேட்கல. நானும் சேர்ந்துக்கிறேன்னு சொன்னேன்.

ஜூன் 7

ஹேர்பின் நாலு, ஊக்கு ரெண்டு. எல்லாம் வளைஞ்சு போச்சு.

பழகுறதுக்கு அக்காவோட ட்ரங்குப் பெட்டிப் பூட்டு. சின்னது. கேட்டுப் பூட்டு மாதிரியே தட்டைச் சாவி போடுறது. அக்கா இந்தப் பக்கத்துல படம் போட்டுக் காட்டினாங்க. உள்ள சின்னச் சின்ன ஊசிங்க வரிசையா நிக்குது. ஒரு கம்பியால துளையை லேசாத் திருப்பின மாதிரியே பிடிச்சுக்கணும். இன்னொரு கம்பியால ஒவ்வொரு ஊசியாத் தூக்கணும். சரியான உயரத்துக்குப் போனதும் அது அங்கயே நின்னுக்கும். எல்லாம் நின்னதும் பூட்டு திரும்பிடும். கேட்க சுலபம். ஹேர்பின் பிசைஞ்ச மாவு மாதிரி வளையுது.

ஜூன் 10

கிழிஞ்ச குடையில இருந்து கம்பி எடுத்தோம். இது வளையல. துணி துவைக்கிற கல்லுல தேய்ச்சு நுனியை மெலிசாக்கணும். மூணு நாளா தேய்க்கிறோம். துவைக்கிற மாதிரியே மேல ஒரு பாவாடையைப் போட்டுக்கிட்டுத் தேய்க்கணும். சமையக்கார அம்மா வந்து "என்னடி, அந்தப் பாவாடைய மூணு நாளாத் துவைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. பிலோமினா, "கறை போகலக்கா"ன்னா, முகத்தை அப்படியே வச்சுக்கிட்டு.

எனக்கு ஆட்காட்டி விரல்ல வெட்டு. ஷிப்டுல நூல் ஒட்டுறப்ப எரியுது.

ஜூன் 14

திருப்புற கம்பிக்குத்தான் சரியான பொருள் கிடைக்கல. குடைக்கம்பி உருண்டை, துளைக்குள்ள வழுக்குது. இன்னைக்கு நான் கண்டுபிடிச்சேன். பேல்னு சொல்ற பெரிய பஞ்சு மூட்டையைக் கட்டி வர்ற இரும்புப் பட்டை! குப்பையில குவிஞ்சு கிடக்கு. சின்னத் துண்டு ஒண்ணை மடக்கி மடக்கி ஒடிச்சு, பாவாடை நாடாவுல சுருட்டி எடுத்துட்டு வந்தேன். வாசல்ல தடவிப் பார்க்குற அம்மா இடுப்புக்குக் கீழ தொடல. கல்லுல தேய்ச்சு, நுனியை அம்மிக்குழவியால தட்டி வளைச்சாங்க அக்கா. துளைக்குள்ள அப்படியே பொருந்தி உக்காந்துச்சு.

அக்கா என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. "நீ இல்லன்னா முடிஞ்சிருக்காது புள்ள"ன்னாங்க. நான் சாப்பிடல.

ஜூன் 18, ஞாயிறு

திறந்துருச்சு! ட்ரங்குப் பெட்டிப் பூட்டு. திறந்தது அக்கா இல்ல, நானும் இல்ல, பிலோமினா. நாங்க ரெண்டு பேரும் பத்து நாளா முட்டி மோதிக்கிட்டு இருந்ததை, கண்ணை மூடிக்கிட்டு கால் மணி நேரத்துல திறந்துட்டா.

"நீங்க ரெண்டு பேரும் அதுகூட சண்டை போடுறீங்க. எங்க அப்பா வலையில முடிச்சு விழுந்தா இழுக்கக் கூடாதும்பாரு. விரல் நுனியால என்ன வேணும்னு கேட்கணும்."

மூணு பேருல கை சுத்தம் அவளுக்குத்தான். நாங்க இப்ப அவளைப் பூட்டு டாக்டர்னு கூப்பிடுறோம். டாக்டர் சாயங்காலம் மறுபடி இளைச்சாங்க. கேட்டு திறந்திருந்த நேரம், சமாளிச்சாச்சு.

ஜூன் 22

நானும் திறந்துட்டேன். சின்னப் பூட்டு. பன்னிரண்டு நிமிஷம். யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னா பயந்துடும்.

ஜூன் 27

வார்டனம்மா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. வாழைப்பழம் குடுத்தாங்க. "மாடியில எல்லாரும் எப்படி இருக்காங்க? புதுசா ஏதாவது உண்டா?"ன்னாங்க. ஒண்ணும் இல்லம்மான்னேன். "உங்க அம்மா சுகம்தானே? எப்ப வேணும்னாலும் போன் கேளு, நான் குடுக்கிறேன்"ன்னாங்க. பழத்தைக் கையில வச்சுக்கிட்டே மாடி ஏறினேன். பாதியில நின்னு, ஜன்னல் வழியா வெளிய எறிஞ்சுட்டேன்.

ஜூலை 1

ஷிப்டு மாத்தி எழுதிட்டாங்க. கோகிலவாணி அக்காவுக்குப் பகல் ஷிப்டு. நானும் பிலோமினாவும் நைட்டே. இனி பகல்ல மாடியில அக்கா கிடையாது. போறப்ப பட்டையையும் குடைக்கம்பி ரெண்டையும் என் கையில குடுத்தாங்க. "டாக்டருக்கு மூச்சு வாங்குறப்ப அவளால திறக்க முடியாது. நீதான் திறக்கணும். கேட்டுப் பூட்டுல பழகு."

ஜூலை 5

கேட்டுப் பூட்டு வேற சாதி. கம்பிக்கு வெளிய தொங்குது. கையை வெளிய விட்டு, மணிக்கட்டை மடக்கி, பூட்டைத் தலைகீழாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் கம்பியை விட முடியும். துளை கண்ணுக்குத் தெரியாது. வார்டனம்மா வெளிய போற நேரம் மட்டும்தான். மேல ரெண்டு பேரு ஜன்னல்ல காவல்.

இன்னைக்கு நாலாவது நாள். நாற்பது நிமிஷம் ஆச்சு. 'டக்'னு ஒரு சத்தம். பூட்டு வாயைத் திறந்துச்சு. கேட்டை ஒரு சாண் தள்ளினேன். வெளிய வெயில். பிலோமினா என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துட்டு, "மூடுக்கா, மூடு, யாராவது வந்துடப் போறாங்க"ன்னா. அமுக்கினதும் பூட்டிக்கிச்சு. பூட்டுல ஒரு கீறல் கூட இல்ல. திறந்ததுக்கு அடையாளமே கிடையாது. எங்களுக்கு அது ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

ஜூலை 8

பதினெட்டு நிமிஷம்.

ஜூலை 9, ஞாயிறு

பிலோமினா பம்ப் தீரப் போகுது. குலுக்கிப் பார்த்தா தெரியுதாம். வார்டனம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டா. நர்ஸ் செவ்வாய்க்கிழமை வருவாங்க, அப்ப வாங்கிக்கலாம்னுட்டாங்க. நானும் போய்க் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான்.

ஊருக்குப் போயிடேன்டின்னு சொன்னேன். "ஒப்புக்கிட்டு வந்த மூணு வருஷம் முடியாம போனா எங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க? இன்னும் ரெண்டு வருஷந்தானே"ன்னா. அவளுக்கு பஸ் கண்டக்டர் ஆகணுமாம். நாள் பூரா காத்து வாங்கிக்கிட்டே ஊர் சுத்தலாமாம்.

ஜூலை 11

(ஒண்ணும் எழுத முடியல.)

ஜூலை 13

பிலோமினா செத்துப் போயிட்டா.

செவ்வாய்க்கிழமை. அதை எழுதிடணும். யாராவது கேட்டா மாத்திச் சொல்லிடக் கூடாது.

படிக்கட்டுச் சுவத்துல கடிகாரம் இருக்கு. நான் கேட்டுக்கு வந்தப்ப பதினொண்ணு அஞ்சு. அதுக்கு முன்னாடியே பம்ப் காலி. ராக்கம்மான்னு ஒரு பொண்ணு பிலோமினாவைத் தூக்கிட்டு வந்து எனக்குப் பின்னாடி படியில உக்கார வச்சு, முதுகைத் தடவிக்கிட்டு இருந்தா. மத்தவங்க மாடி ஜன்னல்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. வார்டனம்மா டவுனுக்குப் போயிருந்தாங்க. நர்ஸ் இன்னும் வரல.

கையை வெளிய விட்டேன். பூட்டு வெயில்ல சுட்டுச்சு. பட்டையைப் போட்டேன், கம்பியை விட்டேன். முதல் ஊசி நின்னுச்சு. ரெண்டாவது நின்னுச்சு. மூணாவதுல பட்டை வழுக்கிடுச்சு. எல்லாம் விழுந்துருச்சு. மறுபடி முதல்ல இருந்து. கை வேர்த்து வழுக்குது. பாவாடையில துடைச்சுக்கிட்டு மறுபடி. ரொம்ப அமுக்குறேன்னு தெரியுது, கையை லேசாக்கணும்னு தெரியுது, கை கேட்கல. சண்டை போடாதேன்னு அவ சொன்னதையே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தேன். பின்னாடி அந்த விசில் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் குறைஞ்சுது. அடங்குது போல, நல்லாயிட்டா போலன்னு நினைச்சேன். நிஜமா அப்படித்தான் நினைச்சேன்.

குடைக்கம்பி நுனி உள்ளயே ஒடிஞ்சுது. பூட்டைத் தட்டி அதை வெளிய எடுத்தேன். இன்னொரு கம்பி இருந்துச்சு. அதை விட்டேன். நாலாவது ஊசி வரைக்கும் போச்சு.

பதினொண்ணு முப்பத்தி ஒண்ணுக்குத் திறந்துச்சு. இருபத்தாறு நிமிஷம்.

நானும் ராக்கம்மாவும் தூக்கிக்கிட்டு ஓடினோம். பிலோமினா தலை என் தோள்ல ஆடிக்கிட்டே வந்துச்சு. வாட்ச்மேன் அண்ணன், "உங்களை யாரு திறந்து விட்டது?"ன்னு கேட்டாரு. அவ முகத்தைப் பார்த்ததும் பெரிய கேட்டைத் திறந்துட்டாரு. பஞ்சு இறக்க வந்த லாரிக்காரரு முன்னாடி சீட்டுல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாரு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க, "எப்ப ஆரம்பிச்சுது?" பதினொண்ணுக்குன்னு சொன்னேன். அவங்க தன் வாட்சைப் பார்த்தாங்க. வேற ஒண்ணும் கேட்கல.

ஜூலை 14

அவங்க அப்பாவும் மாமாவும் வந்து கொண்டு போயிட்டாங்க. எங்களை யாரையும் பார்க்க விடல. பாயைச் சுருட்டி எடுத்துட்டாங்க.

இன்னொரு விஷயம் எழுதணும். எழுத வரல.

ஜூலை 16, ஞாயிறு

மனோகர் சார் ஹாஸ்டலுக்கு வந்தாரு. மில்லுல ஆளுங்க விஷயமெல்லாம் பார்க்குறவரு. எங்க எல்லாரையும் உக்கார வச்சுப் பேசினாரு. "நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் மேடம் வர்றாங்க. கேட்டை நாங்க எப்பவும் பூட்டுறது கிடையாது. அந்தப் பொண்ணுக்கு வீட்டுலயே வியாதி. ரெண்டு பேரு தானா கேட்டைத் திறந்துக்கிட்டுத்தான் தூக்கிட்டுப் போனாங்க. அதானே நடந்துச்சு?"

அவரே மறுபடி கேட்டாரு:

"பூட்டு உடைஞ்சிருக்கா? கேட்டு வளைஞ்சிருக்கா? ஒரு கீறல் காட்டுங்க. பூட்டியிருந்தா எப்படி வெளிய வந்தீங்க?"

கோகிலவாணி அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன். அன்னைக்கு ஒரு கல்லை எடுத்து அந்தப் பூட்டை அடிச்சு நொறுக்கியிருக்கலாம். நொறுங்கியிருக்காது, ஆனா தழும்பாவது இருந்திருக்கும்.

ஜூலை 17, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுறேன்.

ஆய்வாளர் மேடம் ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டவங்க, அதிகம் பேசல. கீழ ஹால்ல எல்லாரையும் நிக்க வச்சாங்க. மனோகர் சார் பேசினாரு. வார்டனம்மா தலையாட்டினாங்க. கேட்டு திறந்து கிடந்துச்சு. பூட்டு ஒரு கம்பியில சும்மா தொங்குச்சு.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"ன்னாங்க மேடம்.

நான் முன்னாடி போனேன். "கேட்டு பூட்டியிருந்துச்சு மேடம். நான்தான் திறந்தேன்."

"சாவி?"

"சாவி இல்ல. கம்பியால."

மனோகர் சார் சிரிச்சாரு. "மேடம், சினிமா பார்த்துட்டுப் பேசுறா. அப்படியே உண்மைன்னாலும், பூட்டுத் திறக்கத் தெரிஞ்ச பொண்ணை இங்க வச்சிருக்கிறதே தப்பு. திருட்டுக் கேஸ் ஆயிடும்."

மேடம் என்னையே பார்த்தாங்க. "செஞ்சு காட்ட முடியுமா?"

கோகிலவாணி அக்கா தன் ஜாக்கெட்டுக்குள்ள இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில வச்சாங்க. குடைக்கம்பி, பட்டை. அன்னைக்கு நான் கேட்டுப் பக்கத்துல போட்டுட்டு ஓடினதை எடுத்து வச்சிருந்தாங்க. மேடமே கேட்டை இழுத்துப் பூட்டைப் போட்டு அமுக்கினாங்க. நான் உள்பக்கம், அவங்க எல்லாரும் வெளிப்பக்கம். கையை வெளிய விட்டேன். எல்லாரும் என் கையையே பார்க்குறாங்க. முதல் தடவை விழுந்துருச்சு. மனோகர் சார், "பார்த்தீங்களா மேடம்"ன்னாரு. மேடம், "பேசாம இருங்க"ன்னாங்க.

கண்ணை மூடிக்கிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. 'டக்'.

ஒன்பது நிமிஷம்னு மேடம் எழுதினாங்க. "அன்னைக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபத்தாறு."

அப்பத்தான் வார்டனம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. முகம் சிவந்து என்னைப் பார்த்துக் கைநீட்டினாங்க. "இவ நல்லவ மாதிரி நிக்கிறா மேடம். மே மாசம் இவளுங்க கள்ளச் சாவி வச்சுத் திறந்துக்கிட்டு இருந்தாளுங்க. எங்கிட்ட வந்து காட்டிக் குடுத்தது யாரு? இவதான்! நான் அந்தச் சாவியைப் பிடுங்கி வச்சேன். இன்னைக்கு எனக்கே எதிரா வந்து நிக்கிறா."

மனோகர் சார் வார்டனம்மா கையைப் பிடிச்சு அழுத்தினாரு, ஆனா சொல்லியாச்சு.

மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "பூட்டாத கேட்டுக்கு எதுக்கும்மா கள்ளச் சாவி?"

வார்டனம்மாவுக்கு அப்பத்தான் புரிஞ்சுது. அதையும் மேடம் எழுதினாங்க. எழுதி முடிச்சு என்கிட்ட, "அவங்க சொன்னது உண்மையா?"ன்னு கேட்டாங்க.

"உண்மைதான் மேடம்."

கையெழுத்துப் போட்டேன். திரும்பினப்ப கோகிலவாணி அக்கா அங்க இல்ல.

ஜூலை 18

இப்ப எழுதிடுறேன். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, டைரிக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும்.

மே மாசம் 18ஆம் தேதி அம்மாவுக்கு ஆபரேஷன். வயித்துல கட்டி. வியாழக்கிழமை, போன் குடுக்குற நாள் இல்ல. ஒரே ஒரு தடவை பேசிக்கிறேன்னு வார்டனம்மா கால்ல விழாத குறையா கெஞ்சினேன். "உனக்கு மட்டும் குடுத்தா மத்தவ கேட்க மாட்டாளா? நீ எனக்கு என்ன செஞ்சே?"ன்னு கேட்டாங்க. நான் சாவியைச் சொன்னேன். பத்து நிமிஷம் போன் குடுத்தாங்க. அம்மா மயக்கத்துல இருந்துச்சு, என் குரல் கேட்டதான்னு கூடத் தெரியாது. தம்பிதான் பேசினான்.

அதுக்கப்புறம்தான் பிலோமினாவுக்கு முதல் தடவை வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நான் பட்டை திருடினேன், கல்லுல தேய்ச்சேன். பொழுதுபோக்குன்னு சொல்லிக்கிட்டோம். நான் செஞ்சது பொழுதுபோக்கு இல்ல. பிடுங்கிக் குடுத்த சாவியைத் திரும்பச் செஞ்சுடலாம்னு பார்த்தேன்.

ஜூலை 19

கோகிலவாணி அக்கா என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க.

"சொல்லியிருந்தா கம்பி செய்ய என்னைச் சேர்த்திருப்பீங்களாக்கா?"

யோசிச்சாங்க. "தெரியல"ன்னாங்க. எழுந்து போயிட்டாங்க.

ஜூலை 21

கேட்டைக் கழட்டிட்டாங்க. மில்லுக்கு நோட்டீஸ் வந்திருக்காம், வார்டனம்மாவை அனுப்பிட்டாங்க. எனக்கும் கடுதாசி: நடத்தை சரியில்லை, இன்னைக்கு ராத்திரியே காலி பண்ணணும். ராக்கம்மா என் துணியெல்லாம் மடிச்சுக் குடுத்தா. அக்கா வாசல் வரைக்கும் வரல. மாடி ஜன்னல்ல நின்னு பார்த்தாங்க.

ஜூலை 22, சனி

ராத்திரி பஸ் ஏறினேன். ஊருக்குப் போகல. விளாத்திகுளம் வந்து, அங்கிருந்து வேம்பார் பஸ் ஏறினேன். பிலோமினா வீட்டைக் கேட்டதும் ஒரு சின்னப் புள்ளை கூட்டிட்டுப் போச்சு. அப்பா கடலுக்குப் போயிருந்தாரு. அம்மா மட்டும் இருந்தாங்க. அவ முகம் அப்படியே.

யாருன்னு சொன்னேன். உக்காரச் சொன்னாங்க. சாவி விஷயத்தை முதல்ல சொல்லிட்டேன், அப்புறம்னா வாய் வராது. ஒண்ணு விடாம சொன்னேன். எங்க அம்மாவோட ஆபரேஷன்னு சொல்ல வந்தேன், அதை மட்டும் சொல்லல. அவங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வாசல்ல காயப் போட்டிருந்த கருவாட்டை ஒரு காக்கா கொத்த வந்துச்சு, எழுந்து விரட்டிட்டு வந்து மறுபடி உக்காந்தாங்க.

அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"கடைசியா என் புள்ள என்ன சொன்னா? யாரைத் தேடினா? அம்மான்னு கூப்பிட்டாளா?"

என்னால பொய் சொல்லியிருக்க முடியும். பஸ்ல வர்றப்பவே யாராவது இதைக் கேட்பாங்கன்னு தெரியும். கூப்பிட்டான்னு சொன்னா அவங்க அதை வச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டியிருப்பாங்க.

"எனக்குத் தெரியலம்மா"ன்னேன். "அவ எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தா. இருபத்தாறு நிமிஷமும் நான் பூட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கல."

அவங்க என் ரெண்டு கையையும் எடுத்து மடியில வச்சுப் பார்த்தாங்க. விரல்ல வெட்டு, மணிக்கட்டுல கம்பி உரசின காயம் இன்னும் ஆறல. ஒவ்வொண்ணாத் தடவிப் பார்த்தாங்க. அப்புறம் கையை மெதுவாத் தூக்கி என் மடியில வச்சுட்டு, உள்ள எழுந்து போயிட்டாங்க.

ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். அவங்க என்னைப் போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல.